குழலும் யாழும் முழவும்: கூடியிசைப்போர் வரலாறு

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் புக்கிட் பாத்தோக் என்பதோர் ஊர். புக்கிட் என்னும் மலாய்ச் சொல்லுக்குக் குன்று என்பது பொருள். பாத்தோக் என்பதற்கோ பொருள் பல கூறுவர். இருமல் என்பர் சிலர். கருங்கல்லுக்கு வெடி வைத்தபோது குன்றே இருமியது போல் ஒலி எழுந்தது என்பது அவர்தம் கதை. தேங்காயைக் குறிக்கும் சாவகச் சொல் என்பர் வேறு சிலர். எது உண்மையாயினும் ஆகுக. கல்வெட்டும் பள்ளங்கள் ஓய்ந்தன. குன்றைச் சூழ்ந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1990ஆம் ஆண்டில் எம்ஆர்டி நிலையமும் திறக்கப்பெற்றது. இத்தகைய புதிய நகர்களிலேதான் இன்று நம்மவருள் பெரும்பாலோர் குடியிருக்கின்றனர். பூவும் மளிகையும் வாங்கச் சிராங்கூன் சாலைக்குச் செல்வோர், பிள்ளைகளுக்கு வீணையும் மிருதங்கமும் கற்பிக்க வீட்டருகே உள்ள சமூக மன்றத்தையே நாடுவதும் உண்டு.

விடுமுறை நாள் மாலையில் எம்ஆர்டி வண்டியில், வயலின் பெட்டியைத் தோளில் மாட்டியவரையும் மிருதங்க உறையை மடியில் அணைத்தவரையும் காணுந்தோறும் எனக்கு மலைபடுகடாம் நினைவுக்கு வரும். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் கூட்டத்தைப் பெருங்கௌசிகனார் அந்நூலின் தொடக்கத்திலேயே நம்முன் நிறுத்துகிறார். முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனக் கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றைச் சுருக்கிக் கட்டிய பைகள் பலாமரத்தில் கொத்தாகக் காய்த்த காய்களைப் போல் இருந்தன என்கிறார். அப்பைக்கு அவர் வழங்கும் பெயர் கலப்பை. கலம் இடும் பை என்க. உழுபடையைக் குறிக்கும் கலப்பையோடு இதனை மயங்குதல் மாணவர்க்கு எளிது. ஆசிரியர் ஒருமுறை வேறுபடுத்திக் காட்டிவிட்டால் பின்னர் மறவார்.

புறநானூற்றின் 64ஆம் பாட்டும் இத்தகையதே. யாழும் ஆகுளியும் பதலையும் ஒருங்கே கட்டிக்கொண்டு பாண்டியன் பெருவழுதியைக் காணப் புறப்படுவோம் என்று விறலியை அழைக்கும் பாட்டு அது. கருவி மூன்றே, ஒன்று நரம்பு, இரண்டு தோல். பாடிய புலவர் பெயர் நெடும்பல்லியத்தனார். குறுந்தொகையில் நெடும்பல்லியத்தை என்னும் புலவரும் உளர். பல்லியம் என்பது பல்+இயம். பல கருவிகள் கூடி ஒலிப்பது. 'ஆர்கெஸ்ட்ரா' என்பதற்கு நாம் புதுச்சொல் தேடி அலைகிறோம். வாத்திய விருந்தம் என்றும் இசைக்குழு என்றும் எழுதுகிறோம். பல்லியம் என்னும் பழஞ்சொல் நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. கருவிகள் கூடி ஒலிப்பதற்கு ஒரு பெயர் உண்டாகி, அப்பெயரே புலவர் இருவரின் பெயரில் அமையும் அளவுக்கு அவ்வழக்கம் அன்று பரவியிருந்தது என்பது தெளிவு.

ஆயினும், எந்தக் கருவி யார் வழி நின்றது, எத்துணைப் பேர் எங்கே அமர்ந்தனர் என்பன போன்ற நுட்பங்களை அறியச் சிலப்பதிகாரத்துக்கே வரவேண்டும். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர் தகுதியையும் தனித்தனியே வகுக்கிறார். மாதவி ஐந்தாம் ஆண்டில் கற்கத் தொடங்கிப் பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள் என்பதை எல்லோரும் சொல்வர். அவளுக்குப் பின்னால் நின்ற இக்கலைஞர்களை வகுப்பில் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். அடிகளோ அவ்வாறு கடக்கவில்லை. குழலைத் தொடர்ந்து யாழ் செல்ல, யாழுக்குப் பொருந்தத் தண்ணுமை ஒலிக்க, அதனைப் பின்பற்றி முழவு எழ, முழவோடு ஆமந்திரிகை சேர்ந்ததாக அவர் முறை கூறுகிறார். ஆமந்திரிகை என்பது இடக்கை என்று அடியார்க்குநல்லார் உரைப்பர். இங்கே தலைமை குழலுக்கு உரியது. துளையிட்ட குழலின் சுருதி நிலையானது. நரம்பைக் குழலுக்கு ஏற்பக் கூட்டலாம், குழலை நரம்புக்கு ஏற்பக் கூட்டல் இயலாது. ஆதலின் குழலை முன்னிறுத்திய முறை வெறும் மரபன்று, கருவியின் இயல்பு அறிந்த முறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரங்கின் அளவையும் நோக்குக. இருபத்துநான்கு பெருவிரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். பெருவிரல் அகலத்தை ஏறத்தாழ ஓர் அங்குலமாகக் கொண்டால் 14 அடி அகலமும் 16 அடி நீளமும் ஆகும். அடுக்குமாடி வீடு ஒன்றின் கூடத்தை ஒத்தது அது! அதற்குள் ஆடுமகளும் இயவர்களும் அடங்க வேண்டும். திரண்ட கூட்டத்துக்கு அங்கே இடமில்லை.

இதனை எண்ணும்போது ஐரோப்பியர் 'சேம்பர்' இசை எனக் கூறும் அறையிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுவது இயல்பே. பெருமன்றத்துக்கு அன்றி, அரண்மனை அறைக்கும் இல்லத்துக்கும் உரியது அவ்விசை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரே இருப்பர். கோல் அசைத்து நடத்துவோர் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கியே வாசிப்பர். ஹைடன் (1732–1809) என்னும் இசைவாணர் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்னும் நால்வர் குழுவுக்கு நிலைத்த வடிவம் தந்தார். கருவிக்கு ஒருவர் என்னும் அளவில் மாதவியின் அரங்கும் அறையிசை அரங்கே. ஆனால் ஒப்புமையை அதற்கு மேல் நீட்டுதல் பொருந்தாது. அவர்கள் இசையில் நால்வரும் வெவ்வேறு சுரவரிசைகளை ஒரே வேளையில் இசைத்து ஒன்றாக்குவர். நம் இசையில் பண் ஒன்றே. அனைவரும் அதன் வழியே நடப்பர். அவர்களிடம் உள்ளதெல்லாம் நம்மிடமும் அன்றே இருந்தது என்று கூறிப் பெருமை கொள்வார் உளர். இருந்ததைச் சொன்னாலே போதுமே!

இசைக்குழுவினர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு இலக்கியத்தினும் கல்வெட்டே நல்ல சான்று. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய இராசராச சோழன் (985–1014) 48 பேரையும், அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தினான். ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல். கணக்கிட்டால் நாளொன்றுக்கு 150 குறுணி, அதாவது பன்னிரண்டரைக் கலம். ஐம்பதின்மரும் பெயர் பெயராகக் கல்லில் பொறிக்கப்பெற்றுள்ளனர். அக்கோயிலின் மற்றொரு கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளோடு, ஆரியம் பாடுவாரையும் தமிழ் பாடுவாரையும் கருவி இசைப்போரையும் நட்டுவம் செய்வாரையும் வரிசைப்படுத்துகிறது.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது முதற் கல்வெட்டில் உள்ள ஒரு விதி. பாடுவார் ஒருவர் இறந்தாலும் ஊரைவிட்டுப் போனாலும் அவர்க்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவ்வுறவினர்க்குத் தகுதி இல்லையாயின் தகுதி உடைய பிறரைப் பாடச் செய்தல் வேண்டும். குழுவின் இடம் ஒருநாளும் வெறுமையாகக் கிடத்தல் ஆகாது என்பதே அதன் கருத்து. பிறப்பை முதலில் வைத்த அரசு, தகுதியை அதற்கு அடுத்த காவலாக வைத்தது.

பின்னாளில் தஞ்சை மற்றொரு கலப்புக்கும் இடமாயிற்று. இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) அவையில் மேனாட்டு இசைக்கருவிகளும் ஒலித்தன. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியரின் வயலினைக் கற்று நம் இசைக்கு ஆக்கினார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு அக்கருவியில் வல்லவரானார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இந்நால்வரை ஆங்கிலத்தில் 'தஞ்சாவூர் குவார்ட்டெட்' என்றே எழுதுகின்றனர். ஹைடனின் நால்வர் குழுவைப் போன்றது போலும் என்று அயலார் மயங்கக்கூடும். உண்மையில் இவர்கள் ஆடல் வகுத்த நட்டுவனார்கள், உடன்பிறந்தோர்.

இந்தியா விடுதலை பெற்ற பின் 1952இல் அனைத்திந்திய வானொலி, வாத்திய விருந்தம் என்னும் குழுவைத் தில்லியில் அமைத்தது. ரவிசங்கரும் டி. கே. ஜெயராம ஐயரும் அதனை நடத்தினர். தனிக்கச்சேரியிலேயே ஊறிய வித்துவான்களை ஒரே தாளில் எழுதிய சுரங்களை வாசிக்க வைத்தது அது.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே முதலில் கேட்ட தமிழ்க் கூட்டிசை கோயில் மேளமே எனலாம். மாரியம்மன் கோயில் 1827இலும், தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859இலும் தோன்றின. நாகசுரம், தவில், ஒத்து, தாளம் என்னும் பெரிய மேளம் வீதிக்கும் வெளிப்பிராகாரத்துக்கும் உரியது, அறைக்குள் அடங்காது. அந்த வீதியிலும் அதற்கு இடர் வந்தது. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளை வாசித்தல் 1973இல் தடைசெய்யப்பெற்றது. 2016இல்தான் ஊர்வலப் பாதையின் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு மீண்டும் இடம் தரப்பட்டது. கோயில் மேளக்காரர்களை நெடுங்காலமாகத் தமிழகத்திலிருந்தே வரவழைத்து வருகிறோம் என்பதையும் ஈண்டு மறத்தலாகாது.

மன்ற இசைக்கு வழி வேறாக அமைந்தது. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இல் தோன்றி வாய்ப்பாட்டும் கருவியும் முறையாகக் கற்பித்தது. 1960இல் மக்கள் கழகம் நிறுவப்பெற்று, சமூக நிலையங்களைத் தன் பொறுப்பில் கொண்டது. அதன் ஆதரவில் 1968இல் சீன இசைக்குழு தோன்றியது. 1985இல் இந்திய இசைக்குழு தோன்றியது. சீனக் குழுவின் வழியில் 1996இல் சிங்கப்பூர் சீன இசைக்குழு முழுநேரத் தொழிற்குழுவாக நிலைபெற்றது. மேனாட்டிசைக்கு 1979இலேயே சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு அமைந்துவிட்டது. லலிதா வைத்தியநாதன் அவர்கள் பல்லாண்டு வழிநடத்திய இந்திய இசைக்குழுவோ, பாடுவோரையும் சேர்த்துக்கொண்டு, சமூகக் குழுவாகவே வளர்ந்தது. இதனைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. பகலில் வேறு தொழில் பார்த்து மாலையில் கருவியை எடுப்போர் குழு அது.

அத்தகைய குழுவினர் படும் பாடு கேட்போர்க்குத் தெரிவதில்லை. குழலோர் சுருதிக்கு ஒரு குழலாக நான்கைந்து குழல்களைப் பையில் சுமப்பர். வயலினைக் கூட்டியும் குறைத்தும் சுருதிக்கு ஏற்கச் செய்யலாம். வீணையை ஓர் எல்லைக்கு மேல் முறுக்கினால் தந்தி அறும். சிதாரும் தபலாவும் கற்றவர் இந்துத்தானி வழியினர். வீணையும் மிருதங்கமும் கற்றவர் கருநாடக வழியினர். ஒரே இராகத்தை இருவரும் இருவேறு பெயரால் அழைப்பர். இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய அரியது கமகம். ஒரு காந்தாரத்தை அசைக்கும் முறை ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடும். தனியே வாசிக்கையில் அது பாணி எனப்படும். பத்து வயலின் சேர்ந்து பத்து விதமாக அசைத்தால் இரைச்சலாகும். ஆகவே எழுதிய சுரத்தை நோக்கிக் கமகத்தை ஓரளவு ஒடுக்க நேர்கிறது. அவ்வாறு ஒடுக்கினால் பண் மெலிகிறது என்று வித்துவான்கள் குறைகூறுவர். குறையில் உண்மை உண்டு. கருவிக்கு ஒருவராக ஐந்தாறு பேர் மட்டும் அமரும் சிறுகுழுவில் இவ்விடர் மிகக் குறைவு; குழலோன் அசைத்ததைக் கேட்டு வயலின்காரர் அப்போதே தம்மைத் திருத்திக்கொள்ள இயலும். பெருங்குழுக்களை மட்டுமன்றி, வட்டாரந்தோறும் இத்தகைய சிறுகுழுக்களையும் வளர்க்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான். இதற்குப் பெருமேடை வேண்டுவதில்லை. புக்கிட் பாத்தோக்கில் ஓர் அறை போதும். ஏழு கோலுக்கு எட்டுக் கோல்.

ஆள்தான் வேண்டும். பள்ளிநாளில் சேர்ந்த இளைஞர் தேசிய சேவைக்குச் செல்வர். பின் பல்கலைக்கழகம், வேலை, திருமணம். ஒத்திகைக்கு வராத ஒருவருக்கு ஈடாக மற்றொருவரைக் கொணர இங்கே முக்குறுணி நெல்லும் இல்லை, அடுத்த உறவினர் என்னும் விதியும் இல்லை. தவில், நாகசுரம் கற்க இளையோர் வருவது அரிது. மிருதங்கத்துக்கு வருவோர் உளர். வயலினுக்கு வருவோருள் மேனாட்டு முறையைப் பள்ளியில் முதலில் கற்றுப் பின்னர் நம் முறைக்குத் திரும்பியவரும் உண்டு. அவர்கள் வயலினைத் தோளில் நிறுத்திப் பழகியவர்கள். தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் கணுக்காலில் சாய்த்துப் பிடிக்கக் கற்கவே சில மாதம் செல்லும்.