கஞ்சா இல்லீங்க, கான்ஜா!

'கான்ஜா அண்ட் ஹெஸ்'னு பேரைப் பாத்ததும் ஏதோ புகை விடற படம்னு நினைச்சேன். கான்ஜாங்கறது கதாநாயகியோட பேருங்க. ஆனாலும் இது போதையைப் பத்தின படம்தான். 1973ல வந்தது.

1972ல 'பிளாக்குலா'ன்னு கறுப்பின டிராகுலா படம் ஒண்ணு நல்லா ஓடிச்சு. அதே மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்கன்னு, நாடக ஆசிரியர் பில் கன்கிட்ட ஒரு சின்ன கம்பெனி கேட்டது. பட்ஜெட் சுமார் மூணரை லட்சம் டாலர். பேய்ப்படம் எடுக்க மனுஷனுக்கு கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆனா பணத்தை வாங்கிக்கிட்டு, ரத்த வெறியை போதைப் பழக்கமா மாத்தி எழுதிட்டார்.

ஹெஸ் கிரீன் பெரிய படிப்பாளி. மாளிகை, ரோல்ஸ் ராய்ஸ், டிரைவர் எல்லாம் உண்டு. அவரோட உதவியாளர் மேடா குடிச்சுட்டு ராத்திரியில கழுத்துல கயித்தோட மரத்துல ஏறி உக்காந்துடறான். ஹெஸ் என்ன சொல்றார் தெரியுமா? இந்தத் தெருவுல நான் ஒருத்தன்தான் கறுப்பன், நீ செத்தா போலீஸ் என்னைத்தான் இழுத்துட்டுப் போகும்! எவ்வளவு காசு இருந்தா என்ன, அந்த பயம் போகலை. மேடாவா நடிச்சது பில் கன்னேதான்.

அப்புறம் மேடா ஒரு புராதனக் கத்தியால ஹெஸ்ஸைக் குத்திட்டு, தானும் செத்துப் போறான். ஹெஸ் சாகலை. குளியலறைத் தரையில கிடக்கிற ரத்தத்தைக் குனிஞ்சு நக்கறார். கோட்டும் சூட்டுமா திரிஞ்ச மனுஷன்! அதுக்கப்புறம் கிளினிக்ல ரத்தத்தைத் திருடறார், காசு குடுத்து பெண்களைத் தேடிப் போறார். கோரைப்பல், வௌவால் எதுவும் கிடையாது. இன்னிக்கு ஒருநாள்னு ஆரம்பிச்சு மாட்டிக்கிட்ட ஆளுங்களை நாம எல்லாருமே பாத்திருக்கோம் இல்லையா, அதே முகம்தான். மேடாவோட பொண்டாட்டி கான்ஜா புருஷனைத் தேடி வந்து, ஹெஸ்ஸையே கட்டிக்கறா. அந்தக் கூத்தை நீங்களே பாத்துக்குங்க.

ஹெஸ்ஸா நடிச்ச டுவேன் ஜோன்ஸ்தான் 1968ல வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' ஹீரோ. டிரைவரும் பாதிரியாருமா வர்ற சாம் வேமன் பாடகி நீனா சிமோனோட தம்பி. இசையும் அவர்தான்.

1973 கான் விழாவில, விமர்சகர்கள் வாரத்துல படம் காட்டப்பட்டுது. நியூயார்க்ல ஒரு வாரம் தாண்டலை. நான் வெள்ளைக்காரனா இருந்திருந்தா இதையே புதுமைன்னு சொல்லியிருப்பீங்கங்கற தொனியில கன் நியூயார்க் டைம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனிக்காரங்க படத்தை வேற ஆளுங்களுக்கு வித்துட்டாங்க. அவங்க 110 நிமிஷத்துக்கும் மேல இருந்ததை 78 நிமிஷமா நறுக்கி 'பிளட் கப்பிள்'னு விட்டாங்க. கதை எங்கயோ போச்சு.

நல்லவேளை, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துல முழுப் பிரதி ஒண்ணு இருந்துச்சு. அதை அங்க போட்டுப் போட்டுத்தான் படம் உயிரோட இருந்தது. ஜோன்ஸ் 1988லயும், கன் 1989லயும் போயிட்டாங்க. 2014ல ஸ்பைக் லீ இதே கதையைத் திரும்ப எடுத்தார். எனக்கு அது அவ்வளவா ஒட்டலை.

பி.கு: பாக்கறதுக்கு முன்னாடி நிமிஷக் கணக்கைப் பாத்துக்குங்க. 78ன்னு இருந்தா மூடி வெச்சுடுங்க.