ஓமோன் குளிசையும் கேட்கப்படாத வினாவும்

மருந்துகளின் வரலாற்றை எழுதுவோர் அவை கண்டுபிடிக்கப்பட்ட நாளைக் கொண்டாடுவர். விற்பனைக்கு வந்த நாளையும் மறவாது குறிப்பர். அவற்றை உண்டவர்கள் நிறுத்தியபோது என்ன நேர்ந்தது என்பதை எழுதுவோர் அரியர். மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கு ஐக்கிய அமெரிக்காவிலே வழங்கப்பட்ட ஓமோன் குளிசையின் கதையை நாம் இப்பக்கத்திலிருந்தே நோக்க விரும்புகிறோம். “இதை நிறுத்திவிட்டால் பழைய வெக்கையும் வியர்வையும் திரும்ப வருமா?” என்று ஒரு பெண் கேட்பது மிக எளிய கேள்வி. ஆயிரக்கணக்கான பெண்களைக் கேட்டுத் திரட்டிய விடையொன்று இதற்குக் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஏன் இத்துணைத் தாமதம்?

ஐம்பதை அண்டிய வயதிலே சூலகம் ஈஸ்திரஜன் என்னும் ஓமோனைச் சுரப்பது பெரிதும் குறைந்துவிடுகிறது. பூப்பெய்துதல் போல இதுவும் வாழ்வின் ஒரு படியேயன்றி நோயன்று. எனினும் அப்படியைக் கடப்பது பலருக்கு எளிதாயிருப்பதில்லை. முகமும் கழுத்தும் திடீரெனத் தீப்பட்டாற்போல் எரிகின்றன, நள்ளிரவில் படுக்கை நனைய வியர்க்கிறது, உறக்கம் கெடுகிறது. வகுப்பறையிலோ தொழிற்சாலையிலோ நாள்முழுதும் நின்று உழைக்கும் பெண்ணுக்கு இது சிறு தொல்லையென்று கூறுவோர் ஆண்களாகவே இருத்தல் வேண்டும்.

1929 இல் அமெரிக்காவிலே டொய்சியும் ஜேர்மனியிலே பூட்டனான்ட்டும் இவ்வோமோனின் ஒரு வகையைக் கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து தனித்தனியே பிரித்தெடுத்தனர். 1942 இல் கருக்கொண்ட குதிரைகளின் சிறுநீரிலிருந்து ஆக்கப்பட்ட குளிசை ‘பிறெமரின்’ என்ற பெயருடன் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கருக்கொண்ட குதிரையின் சிறுநீர் என்பதற்கான ஆங்கிலச் சொற்களைத் துண்டாடி ஒட்டியதே அப்பெயர். வெக்கையை அக்குளிசை தணித்தது என்பதில் அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை.

தணிப்பதோடு நின்றிருந்தால் வியாபாரம் சிறிதாகவே இருந்திருக்கும். ஒரு பெண் இரண்டு மூன்று ஆண்டுகள் உண்டு, துன்பம் நீங்கியதும் விட்டுவிடுவாள். இவ்விடத்திலேதான் நியூயோர்க் வைத்தியர் றொபேட் வில்சன் 1966 இல் வெளியிட்ட ‘என்றும் பெண்மை’ என்று பொருள்படும் நூல் வந்து சேர்ந்தது. மாதவிடாய் நிற்றல் ஒரு குறைநோய் என்றும், நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் போலப் பெண்ணுக்கு ஈஸ்திரஜன் என்றும் அவர் வாதித்தார். நீரிழிவுக்காரர் இன்சுலினை எப்போது நிறுத்துவது என்று எவரும் கேட்பதில்லையன்றோ? வாழ்நாள் முழுவதற்குமென விற்கப்பட்ட மருந்திலே நிறுத்துவது பற்றிய வினாவுக்கு இடமேது? குளிசையை விற்ற வையத் கம்பனியே அந்நூலை எழுதும் செலவை ஏற்றதென்று அவருடைய மகன் 2002 இல் பத்திரிகைக்குக் கூறினார்.

1975 இன் இறுதியிலே முதல் அடி விழுந்தது. ஈஸ்திரஜனை மாத்திரம் உண்டுவந்த பெண்களுக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்புப் பன்மடங்கு மிகுதி என்பதை இரண்டு ஆய்வுகள் ஒரே சஞ்சிகையில் காட்டின. விற்பனை சரிந்தது. பின்னர், புரொஜெஸ்ரின் என்னும் மற்றோர் ஓமோனைச் சேர்த்துக் கொடுத்தால் கருப்பை காக்கப்படும் என அறியப்பட்டதும் அது மீண்டும் ஏறியது. இம்முறை புதியதொரு வாக்குறுதியும் உடன்வந்தது. ஓமோன் உண்ணும் பெண்களுக்கு இருதய நோய் குறைவு என்றார்கள். 1992 அளவில் பிறெமரின் ஐக்கிய அமெரிக்காவில் மிகுதியாக எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்தாயிற்று.

இந்த இருதயக் கதையை நமது வாசகர் சற்று நின்று கவனித்தல் நன்று. ஓமோன் உண்டவர்களையும் உண்ணாதவர்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்த நோக்காய்வுகளே அதன் ஆதாரம். உண்டவர்கள் யார்? வைத்தியரிடம் தவறாது செல்லக்கூடிய, மாதந்தோறும் மருந்துக்குப் பணம் செலுத்தக்கூடிய, பெரும்பாலும் படித்த, வசதியான பெண்கள். அவர்கள் உண்ட உணவு நல்லது, உடற்பயிற்சிக்கு நேரமும் இருந்தது, புகைப்பழக்கமும் குறைவு. அவர்களுடைய இருதயத்தைக் காத்ததில் குளிசையின் பங்கெவ்வளவு, வாழ்க்கை வசதியின் பங்கெவ்வளவு? வர்க்கத்தின் நன்மை மருந்தின் நன்மையாகக் கணக்கெழுதப்பட்டது. குலுக்கல் முறையில் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தும் மறுபிரிவினருக்கு வெறுங்குளிசையும் கொடுத்துப் பார்த்தாலன்றி உண்மை வெளிவராது என்று அமெரிக்கப் பெண்கள் இயக்கத்தார் வற்புறுத்தினர். தேசிய சுகாதார நிறுவகங்களின் முதற் பெண் தலைவரான பேர்னடின் ஹீலியின் காலத்தில், 1991 இல், அத்தகைய பேராய்வு தொடங்கப்பட்டது.

ஈஸ்திரஜனும் புரொஜெஸ்ரினும் சேர்ந்த குளிசைப் பரிசோதனையிற் சேர்ந்தோர் 16,608 பேர். எட்டரை ஆண்டுகள் நடக்கவேண்டிய அது, சராசரி 5.2 ஆண்டுகளில், 2002 யூலையில் நிறுத்தப்பட்டது. வெறுங்குளிசை உண்ட 10,000 பெண்களில் ஆண்டொன்றுக்கு 30 பேருக்கு மார்புப் புற்றுநோய் கண்டதென்றால், ஓமோன் உண்ட 10,000 பேரில் 38 பேருக்குக் கண்டது. இருதய நோயும் குறையவில்லை. ஏழு பேருக்குக் கூடுதலாக வந்தது. பாரிசவாதமும் எட்டுப் பேருக்குக் கூடிற்று. மறுபுறம் இடுப்பெலும்பு முறிவு ஐந்தும், பெருங்குடற் புற்றுநோய் ஆறும் குறைந்தன. பத்திரிகைகளோ மார்புப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியதெனத் தலைப்பிட்டன. 30 ஐ 38 ஆக்குவதும் 26 சதவீதம் என்பதும் ஏறத்தாழ ஒரே கணக்குத்தான். ஆயினும் ஒன்றைக் கேட்ட பெண் சிந்திப்பாள், மற்றதைக் கேட்ட பெண் குளிசைப் போத்தலைக் குப்பையில் எறிவாள். ஆய்விலே பங்குபற்றியோரின் சராசரி வயது 63 என்பதையும், ஐம்பது வயதினளுக்கு இம்முடிவுகள் அப்படியே பொருந்தா என்பதையும் அன்று எடுத்துச் சொன்னோர் குறைவு.

எறிந்தவர்கள் பலர். ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கோடியாயிருந்த ஓமோன் மருந்துச் சீட்டுக்கள் ஓராண்டினுள் 5 கோடி 70 இலட்சம் என்னும் வீதத்துக்கு இறங்கின. நிறுத்தியோருக்கு என்ன நேருமென்று சொல்ல வைத்தியர்களிடம் அப்போது அனுபவமொழிந்த ஆதாரம் அதிகமில்லை. பரிசோதனையை இடையில் நிறுத்தியமையே அவ்வாதாரத்தைப் படைத்தது. இறுதிவரை குளிசையுண்டு ஒரே காலத்தில் விட்ட பெண்களை 8 முதல் 12 மாதங்கள் கழித்து ஆய்வாளர் விசாரித்தனர். 8,405 பேர் விடையளித்தனர். 2005 இல் வெளியான முடிவு இது: ஓமோனை விட்டோரில் 21.2 சதவீதத்தினர் மிதமான அல்லது கடுமையான வெக்கையும் வியர்வையும் உற்றனர். வெறுங்குளிசையை விட்டோரில் 4.8 சதவீதத்தினரே. பரிசோதனையிற் சேரும்போதே இத்துன்பம் இருந்தவர்களைத் தனியே பார்த்தால், ஓமோனை விட்டோரில் 55.5 சதவீதத்தினருக்கு அது மீண்டது. விடையளித்தோர் அனைவரினதும் சராசரி வயதோ 69. வயது போனால் தானாகப் போய்விடும் என்று கூறப்பட்டுவந்த துன்பம், குளிசையை விட்டதும் பேரப்பிள்ளை கண்ட பெண்களிடம் வந்து நின்றது.

காரணம் விளங்காததன்று. ஓமோன் வெக்கையின் மூலத்தை மாற்றுவதில்லை. உண்ணும் வரை அதனை அடக்கி வைக்கிறது. மூளையின் அடிப்பாகத்தில் உடற்சூட்டை ஒழுங்குசெய்யும் நிலையம் ஓமோனின் வீழ்ச்சியை ஒருமுறை சந்தித்தே தீரவேண்டும். குளிசை விடப்படும் நாளில் அவ்வீழ்ச்சி நிகழ்கிறது. உடலின் இயல்பான காலக்கணக்கு அதற்குள் முடிந்திருந்தால் ஒன்றும் தெரியாது, முடியாதிருந்தால் தெரியும். அக்காலக்கணக்கும் எண்ணியிருந்ததைவிட நீண்டது. 2015 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் வெக்கை நீடித்த இடைக்காலம் 7.4 ஆண்டுகள். கறுப்பினப் பெண்களுக்கு அது 10.1 ஆண்டுகள்.

இவ்வரலாற்றைக் கம்பனியின் பேராசைக் கதையாக மாத்திரம் சொல்லிவிடுவது நமக்கு எளிது. அது பாதி உண்மையே. 2002 இன் பின்னர் எழுந்த அச்சத்தினால் மருந்து உண்மையாகவே வேண்டியிருந்த பெண்களும் அது மறுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் உறக்கமின்றி வருந்தினர். 2025 நவம்பரில் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இம்மருந்துகளின் மீதிருந்த கடும் எச்சரிக்கைகளுட் பெரும்பாலானவற்றை அகற்றப்போவதாக அறிவித்தது. ஓரூசல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகிறதோ என்ற ஐயம் நமக்குண்டு.

நிறுத்த விரும்பும் பெண் ஒரேயடியாக விடுவதா, சிறிது சிறிதாகக் குறைப்பதா என்பதற்குப் பிரித்தானியாவின் நைஸ் என்னும் அரச சுகாதார நிறுவகம் 2015 இல் விடை கூறியது. மெல்லக் குறைத்தால் தொடக்கத்தில் வெக்கை மீள்வது ஓரளவு மட்டுப்படலாம். நெடுநாளில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஆகவே இரு வழிகளையும் அவளுக்கு விளக்கி, எதை ஏற்பது என்பதை அவளே தெரிந்துகொள்ள விடுமாறு வைத்தியருக்கு அது அறிவுறுத்தியது.