மரப் புழங்குபொருள்கள் (விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரம்)

விழுப்புரம், திண்டிவனம் பகுதி வீடுகளிலும் நெற்களங்களிலும் குத்தவும் கடையவும் கிளறவும் அளக்கவும் பயன்பட்டுவந்த மரக் கருவிகள் மரப் புழங்குபொருள்கள் எனப்படும். ஏர் செய்யும் ஊர் ஆசாரியே பெரும்பாலும் இவற்றையும் செய்தார். கூலி அறுவடைக் களத்தில் நெல்லாகக் கிடைத்தது.

வகைகள்

உலக்கை: நெல்லும் கம்பும் குத்துவது. கனத்த வைரமரத்தில் செய்து, அடிமுனையில் இரும்புப் பூண் மாட்டுவர். பூண் இருந்தால் முனை பிளக்காது. பெண் பூப்பெய்தினால் அவள் இருக்குமிடத்தில் உலக்கையைக் குறுக்கே கிடத்துவது வழக்கம்.

மத்து: பருப்பு மத்து குட்டையானது, கையால் அழுத்திக் கடைவது. மோர் மத்து நீண்ட தண்டுடையது. தூணோடு சேர்த்துக் கட்டி, கயிற்றை மாறிமாறி இழுத்துச் சுழற்றுவர்.

துடுப்பு: கேழ்வரகுக் களி கிளறுவது. களி இறுக இறுகக் கை வலு முழுவதும் இறங்குவதால் காம்பு நீளமாகவும் தடிப்பாகவும் இருக்கும்.

அகப்பை: கொட்டாங்கச்சியில் மூங்கில் காம்பு செருகியது. மண்சட்டியைக் கீறாது, பிடி சுடாது.

மரக்கால்: தானிய அளவை. 8 நாழி 1 மரக்கால், 12 மரக்கால் 1 கலம். ஊருக்கு ஊர் அளவில் வேறுபாடு இருந்தது. அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று சொல்லி எண்ணுவார்.

வேலைப்பாடு

இவ்வட்டாரத்தாரைப் போலவே பிலிப்பைன்சின் வடக்கு லூசோன் மலைகளில் வாழும் இஃபுகாவோ மக்களும் நெல் விளைவிப்பவர்களே. அவர்களுடைய மரக்கரண்டிகளின் பிடியில் மனித உருவம் செதுக்கப்படுவதுண்டு. ஆனால் விழுப்புரம் வட்டாரத்து அடுக்களைப் பொருள்களில் பெரும்பாலும் உருவம் இராது. மத்தின் தண்டில் சில கடைசல் வரிகள் இருந்தால் உண்டு. இங்கே சிற்பத் திறன் தேரிலும் கோயில் வாகனத்திலும் நிலைக்கதவிலும் வெளிப்பட்டது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன.

இன்றைய நிலை

நெல் அரைவை ஆலை உலக்கையின் வேலையைக் குறைத்தது. மின் அரவைக் கருவி மத்தையும், எவர்சில்வர் கரண்டி அகப்பையையும் விலக்கின. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த பின் மரக்கால் வணிகக் கணக்கிலிருந்து நீங்கியது. ஆனாலும் களித் துடுப்பும் பருப்பு மத்தும் இன்றும் சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்கப்படுகின்றன.