பல்லுச்சில்லின் கணக்கு



மதுரையை எரித்த கண்ணகி ஈழத்திற்கு வந்து தங்கிய பத்தாவது இடமே வற்றாப்பளை என்றும், பத்தாப்பளை என்ற பெயரே இவ்வாறு மருவிற்று என்றும் ஐதீகம் கூறும். நந்திக்கடல் ஓரத்து அந்த மணலிலே, வைகாசிப் பொங்கலுக்குக் கால்நடையாகவும் வண்டில் கட்டியும் வந்த சனங்களைப் பிற்காலத்தில் சுமந்து வந்தது சைக்கிள். அதன் வரலாற்றை அறிய அதன் பற்களை எண்ணினாலே போதும்.

ஆதியில் சைக்கிளுக்குச் செயின் இல்லை. மிதி முன்சில்லிலேயே பூட்டப்பட்டிருந்தது. ஒரு மிதிக்கு ஒரு சுற்று. வேகம் வேண்டுமாயின் சில்லைப் பெரிதாக்க வேண்டும். ஆனால் மனிதனின் கால் நீளம் அதற்கு எல்லை வகுத்தது. 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜே. கே. ஸ்ராலி உருவாக்கிய 'றோவர்' சைக்கிள், பின்சில்லைச் செயினால் இயக்கி அந்த எல்லையை உடைத்தது. அன்றுமுதல் வேகத்தை நிர்ணயித்தது சில்லின் உயரமன்று, பற்களின் விகிதம்.

நம்மவர் ஓடிய றலி போன்ற சைக்கிள்களில் முன்னே 44 முதல் 48 பற்கள். பின்னே பெரும்பாலும் 18. முன்னே 48, பின்னே 18 எனில், 28 அங்குலச் சில்லு ஒரு மிதிக்கு ஏறக்குறைய 6 மீற்றர் ஓடும். முன்னே 44, பின்னே 22 எனில் நாலரை மீற்றர்தான். தூரம் குறையும், ஆனால் அதே மிதிக்குச் சில்லுக்குக் கிடைக்கும் உந்துவிசை மூன்றிலொரு பங்கு கூடும். தார் றோட்டில் தனியே ஓடுபவனுக்கு முன்னையது நன்று. மணலில் நெல்மூடை ஏற்றியவனுக்குப் பின்னையதே உதவி.

1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறுகியது. எரிபொருள் அரிதாயிற்று, மின்சாரம் நின்றது, பற்றரி தடைப்பொருளாயிற்று. பயணம், சுமை, நோயாளி யாவும் சைக்கிளின்மேல் ஏறின. வானொலியும் அதை நம்பியே பேசியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்னிலே பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸையும் சனங்கள் கேட்டார்கள். இங்கே கணக்கு தலைகீழாகிறது. நிமிடத்திற்கு 40 தடவை சுழற்றினால், 48க்கு 18 உள்ள சைக்கிளில் பின்சில்லு 107 தடவை சுற்றும். 44க்கு 22 உள்ளதில் 80 தடவையே. மணலில் நெஞ்சை இளைக்க வைத்த பெரிய பல்லுச்சில்லே, செய்தி கேட்பவனுக்குத் தெளிவான குரலைத் தந்தது. கை தளர்ந்தால் செய்தியாளரின் குரலும் தளர்ந்தது.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, நெரிசலில் சைக்கிளை மிதிக்க வழியிருக்கவில்லை. பாத்திரம், பாய், குழந்தை எல்லாவற்றையும் ஏற்றி உருட்டினார்கள். 2009 மே மாதத்தில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய முள்ளிவாய்க்கால் மணலிலோ சைக்கிள்களையும் கைவிட்டு உயிரை மட்டும் காவிச் சென்றார்கள்.

உருட்டப்படும் சைக்கிளில் செயின் ஓடுவதில்லை. முன்னே எத்தனை பல், பின்னே எத்தனை பல் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. பற்களின் கணக்கு, ஏறி மிதிக்க ஒரு பாதையும் போய்ச்சேர ஓர் ஊரும் உள்ளவனுக்குரியது. பொங்கலுக்கு வற்றாப்பளை நோக்கிச் சைக்கிள் மிதிக்கும் ஒருவரை இன்று காணும்போது, அந்தச் செயின் ஓடும் மெல்லிய ஓசையைச் சற்று நின்று கேளுங்கள்.