தொலைக்காட்சித் தொடர்கள் தொலைந்த கதை

பழந்தமிழ் ஓலைச் சுவடிகளுள் பல கரையானுக்கு இரையாயின என்றும், சில ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்டன என்றும் நாம் படித்து வருந்தியிருக்கிறோம். ஏடுகளின் அருமையை அறியாத காலத்தில் நிகழ்ந்த இழப்பு அது. ஆனால் 1960-களில், விஞ்ஞானம் வளர்ந்த நாடுகளில், பல லட்சம் மக்கள் வாரந்தோறும் கண்டு களித்த தொலைக்காட்சித் தொடர்களும் இவ்வாறே அழிந்தன என்றால் நம்புவீர்களா? அவற்றை அழித்தது கரையானும் அன்று, வெள்ளமும் அன்று. தயாரித்த நிலையங்களே அழித்தன! ஏன் அழித்தன? அழிந்தவற்றுள் சில எவ்வாறு மீண்டன? இதன் விடையில் வரலாறும் உண்டு, பௌதிகமும் உண்டு.

பதிவே இல்லாத காலம்

தொடக்க காலத் தொலைக்காட்சி நாடகம் மேடை நாடகத்தைப் போன்றது. நடிகர்கள் நிலையத்தில் நடிக்க, அந்தக் கணமே அது வீடுகளில் தெரிந்தது. நடிப்பு முடிந்தால் நாடகமும் மறைந்தது. அமெரிக்காவில் இதனால் ஒரு தொல்லை எழுந்தது. நியூயார்க்கில் இரவு 9 மணி என்றால், லாஸ் ஏஞ்சலிசில் மாலை 6 மணிதான். மேற்குக் கரை மக்களுக்கு உரிய நேரத்தில் காட்டவேண்டுமானால், நிகழ்ச்சியை எப்படியாவது பதிந்து வைக்கவேண்டும்.

அப்போது கைகொடுத்த முறை எளியது. தொலைக்காட்சித் திரையின் எதிரே ஒரு சினிமாக் காமிராவை நிறுத்தி, திரையில் தெரிவதைப் படச்சுருளில் எடுத்தார்கள். படம் மங்கலாகத்தான் இருந்தது. ஆயினும் இந்த மங்கலான சுருள்களை மறந்துவிடாதீர்கள். பின்னால் அவையே நம் கதையை நடத்தப்போகின்றன.

1951 அக்டோபர் 15 அன்று தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ என்னும் நகைச்சுவைத் தொடர் வேறு வழியில் சென்றது. அதில் நடித்த லூசில் பால், டெசி ஆர்னாஸ் தம்பதியர் ஹாலிவுட்டை விட்டு நியூயார்க் செல்ல விரும்பவில்லை. எனவே பார்வையாளர்களை எதிரில் அமர்த்தி, மூன்று காமிராக்களால் 35 மில்லிமீட்டர் படச்சுருளிலேயே தொடரை எடுத்தார்கள். ஒளிப்பதிவை ஏற்றவர் கார்ல் ஃப்ராயிண்ட். ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் புகழ்பெற்ற மௌனப் படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவர். கூடுதல் செலவுக்கு ஈடாகத் தம்பதியர் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு, சுருள்களின் உரிமையைப் பெற்றார்கள். அதன் பயன் என்ன? அத்தொடர் இன்றும் தெளிவாகக் கிடைக்கிறது. மறு ஒளிபரப்பு என்னும் வாணிகமும் அதனால் செழித்தது.

நாடாவில் படம்

படச்சுருளைக் கழுவவேண்டும், உலர்த்தவேண்டும். பாட்டைப் பதியும் காந்த நாடாவுக்கு அந்த வேலை இல்லை. அதிலேயே படத்தையும் பதிந்தால் என்ன என்று பலர் முயன்றார்கள். ஆனால் ஒலிக்கும் படத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஒலியின் அதிர்வெண் விநாடிக்கு 15,000 அல்லது 20,000 வரை போகும். படக் குறிப்பலையோ சுமார் 40 லட்சம் வரை போகும்.

வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால், 40 லட்சம் அதிர்வெண்ணுக்கு நாடாவில் பதியும் அலையின் நீளம் ஒரு சென்டிமீட்டரில் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு. பதிவு முனையின் இடைவெளி இதைவிடச் சிறியதாக இருந்தால்தான் அந்த அலை பதிந்து மீளும். அக்காலத்தில் அது இயலாது. நாடாவை விநாடிக்கு 40 மீட்டர் ஓட்டினால் இடையூறு தீரும். ஆனால் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு 144 கிலோமீட்டர் நாடா வேண்டும். ஏறத்தாழச் சென்னையிலிருந்து புதுச்சேரி வரை!

கலிபோர்னியாவில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் கின்ஸ்பர்கும் அவருடைய குழுவினரும் இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தார்கள். நாடாவை மெதுவாகவே ஓடவிட்டு, பதிவு முனைகளைச் சுழற்றினார்கள். சிறு சக்கரம் ஒன்றில் நான்கு முனைகள். சக்கரம் நிமிடத்துக்கு 14,400 முறை சுழலும். இரண்டு அங்குல அகல நாடாவின் மேல் முனைகள் குறுக்காகக் கோடுகளை வரைந்து செல்லும். முனைக்கும் நாடாவுக்கும் இடையே உள்ள ஒப்பு வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 40 மீட்டர். நாடா ஓடுவதோ விநாடிக்கு 38 சென்டிமீட்டர் மட்டுமே. 144 கிலோமீட்டர் எங்கே, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான நாடா எங்கே! குறிப்பலையை அப்படியே பதியாமல் அதிர்வெண் பண்பேற்றம் செய்து பதிந்தது மற்றொரு திறமை. அக்குழுவில் இருந்த இளைஞர் ரே டால்பி. பிற்காலத்தில் திரையரங்கு ஒலியால் பெயர்பெற்ற அதே டால்பிதான்.

1956 ஏப்ரலில் சிகாகோவில் இக்கருவி காட்டப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று சி.பி.எஸ். நிறுவனம் தன் செய்தியறிக்கையை நாடாவில் பதிந்து மேற்குக் கரையில் ஒளிபரப்பியது.

வரமே சாபமானது

காந்த நாடாவின் சிறப்பு யாது? அதை அழித்துவிட்டு மீண்டும் பதியலாம். நாடாவோ விலை மிகுந்தது. ஆகவே, ஒளிபரப்பு முடிந்த நிகழ்ச்சியின் மேல் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவது சிக்கனமாகத் தோன்றியது.

1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி. தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். காலத்தின் ஊடே பயணம் செய்யும் ஒருவரைப் பற்றிய விஞ்ஞானக் கற்பனை அது. முதல் ஆறு ஆண்டுகளில் 253 பகுதிகள் ஒளிபரப்பாயின. அவற்றின் மூல நாடாக்கள் அழிக்கப்பட்டன. நிலையத்தார் கூறிய காரணங்கள் அன்று நியாயமாகவே ஒலித்தன. நடிகர் சங்க ஒப்பந்தம் மறு ஒளிபரப்புக்கு வரம்பு கட்டியிருந்தது. வண்ணம் வந்தபின் கறுப்பு வெள்ளையை யார் பார்ப்பார்கள்? வீட்டிலேயே படம் பார்க்கும் வீடியோ காலம் வரும் என்று அன்று யார் கண்டார்கள்? 1978-இல்தான் இந்த அழிப்பு நின்றது.

இது பிரிட்டனின் குறை மட்டும் அன்று. ஜப்பானில் என்.எச்.கே. நிறுவனம் 1963-இல் ஒன்பது மாதம் நடத்திய தன் முதல் பெரும் வரலாற்றுத் தொடரில் முதல் பகுதி மட்டுமே எஞ்சியது.

கடல் கடந்த பிரதிகள்

மங்கலான சுருள்களை நினைவில் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? வெளிநாடுகளுக்குத் தொடர்களை விற்க, பி.பி.சி. திரையைப் படமெடுத்து 16 மில்லிமீட்டர் பிரதிகள் தயாரித்திருந்தது. இலண்டனில் மூலம் அழிந்தபின்னும் இப்பிரதிகள் எங்கெங்கோ உறங்கிக்கொண்டிருந்தன. ‘டாக்டர் ஹூ’வின் நான்கு பகுதிக் கதை ஒன்று 1992-இல் ஹாங்காங்கிலிருந்து முழுமையாகத் திரும்பியது. நைஜீரியாவின் ஜோஸ் நகர நிலையத்தில் கிடைத்த ஒன்பது பகுதிகள் 2013-இல் வெளியாயின. அதன் பிறகும் 97 பகுதிகள் கிடைக்காதிருந்தன. அவற்றின் ஒலி மட்டும் முழுவதும் உள்ளது, எப்படி? பெட்டியின் அருகே டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்த சில இரசிகர்களின் ஆர்வத்தால்!

இன்னொரு வேடிக்கை. சிறுவர்கள் அஞ்சுவார்கள் என்று ஆஸ்திரேலியத் தணிக்கையாளர் வெட்டி எறிந்த துண்டுகள் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருந்து 1996-இல் கிடைத்தன. காட்டத்தக்கவை அழிந்தன, காட்டத் தகாதவை பிழைத்தன.

எல்லாவற்றிலும் வியப்பானது வண்ணம் மீண்ட கதை. வண்ணத்தில் எடுத்த சில தொடர்களுக்குக் கறுப்பு வெள்ளைச் சுருளே எஞ்சியிருந்தது. பிரிட்டனின் பால் முறையில் வண்ணச் செய்தி 44.3 லட்சம் அதிர்வெண்ணுள்ள துணை ஊர்தி அலையில் செல்லும். திரையைப் படமெடுத்தபோது இந்த அலை மிக நுண்ணிய புள்ளிகளாகச் சுருளில் பதிந்துவிட்டது. அன்று அதை அழுக்கு போன்ற ஒரு குறையாகவே கருதினார்கள். பின்னாளில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் பொறியாளர், அப்புள்ளிகளைக் கணிப்பொறியால் ஆராய்ந்து வண்ணத்தைத் திரும்பப் பெறும் வழி கண்டார். ‘டாட்’ஸ் ஆர்மி’ என்னும் தொடரின் 1969-ஆம் ஆண்டுப் பகுதி ஒன்று, 2008 டிசம்பரில் இவ்வாறு மீண்ட வண்ணத்துடன் ஒளிபரப்பாயிற்று. இது கற்பனையாகப் பூசிய வண்ணம் அன்று. அன்றைய காமிரா கண்ட அதே வண்ணம்.

நமக்கு என்ன?

கதைத் தொடர்கள்தாமே, போனால் போகட்டும் என்று எண்ணவேண்டாம். அப்போலோ 11 சந்திரனிலிருந்து அனுப்பிய படங்களின் மூல நாடாக்களையும் மறுபயன்பாட்டுக்காக அழித்திருக்கவேண்டும் என்று 2009-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமே அறிவித்தது. சிக்கனம் என்னும் அதே காரணம், அதே இழப்பு.

இன்று நாடா இல்லை. எண்களாகவே யாவும் பதிவாகின்றன. ஆனால் இடமில்லை என்று அழிப்பது விரல் நுனி வேலையாகிவிட்டது. எது பயனுள்ளது என்பதை நிகழ்காலம் எப்போதும் சரியாகக் கணிப்பதில்லை. கணிக்க இயலாத இடத்தில் காப்பு ஒன்றே: பிரதிகள் பலவாக, பல இடங்களில் இருத்தல். உங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய புகைப்படங்களும், பாட்டியின் குரல் பதிவும் எத்தனை பிரதிகளில் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றே ஒன்று எனில், இன்றே இரண்டாக்குங்கள்.