3.7 அங்குலம்

பாகலூர்ப் பட்டறை ஒன்றுக்கு அளவுக் கணக்குப் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தானே சார் இருக்கும்?" என்றார்கள். இதற்குப் பக்கத்து ஊரிலேயே 200 வருடத்துக்கு முந்தைய பதில் இருக்கிறது.

1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைலை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். 57 நாள் ஆனது. அங்கிருந்து பெங்களூர்வரை சங்கிலி கிடையாது. தியோடலைட்டில் பார்த்த கோணங்கள். மிச்சமெல்லாம் முக்கோணக் கணக்கு. அதே கணக்கைத் திரும்பப் போட்டுச் சரிபார்த்தால் தப்பும் கூடவே திரும்பி வரும். (எங்கள் துறையில் பல டெஸ்ட்டுகள் இந்த லட்சணம்தான்.) ஆகவே 1804இல் வாரன் பெங்களூர் அருகே ஏழு மைலுக்கு மேல் தரையிலேயே சங்கிலி போட்டு அளந்தார். கணக்கு சொன்ன நீளத்துக்கும் சங்கிலி சொன்னதற்கும் வித்தியாசம் 3.7 அங்குலம். அதற்குப் பிறகுதான் லாம்டன் குமரி நோக்கி இறங்கினார்.