முகம் சிதைந்த காவல் தெய்வம்

கி.மு. 415. சிசிலி மீது படையெடுக்க ஏதென்ஸின் போர்க்கப்பல்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. ஒருநாள் காலை கதவைத் திறந்தவர்கள் திகைத்துப்போனார்கள். வீட்டு வாசல்களிலும் கோயில் முகப்புகளிலும் நின்ற ஹெர்மீஸ் சிலைகளின் முகங்களை இரவோடு இரவாக யாரோ சிதைத்திருந்தார்கள். ஒன்றிரண்டு அல்ல, நகரில் இருந்தவற்றில் பெரும்பாலானவை!

கல் உடைந்ததற்கு ஒரு நகரமே நடுங்குவானேன்?

ஆர்க்கேடியாவின் சில்லீனி மலைக்குகையில் ஜீயஸுக்கும் மையாவுக்கும் பிறந்தவன் ஹெர்மீஸ். விடியலில் பிறந்த பிள்ளை, நண்பகலில் ஆமை ஓட்டில் நரம்பு கட்டி யாழ் மீட்டியது. பொழுது சாய்ந்ததும் அண்ணன் அப்பல்லோவின் மாடுகள் 50-ஐக் களவாடியது. தடம் பிடிபடாதிருக்க மாடுகளைப் பின்னோக்கி நடக்கவைத்தது. வழக்கு தந்தையிடம் போனது. ஜீயஸ் சிரித்துவிட்டார். யாழ் அப்பல்லோவுக்கு, மந்தை ஹெர்மீஸுக்கு என்று சமரசம் ஆனது.

இந்தக் கள்ளனைத்தான் கிரேக்கர்கள் காவலுக்கு வைத்தார்கள். தேவர்களின் சொல்லை மண்ணுக்குக் கொண்டுவருபவன் அவன். இறந்தவர்களின் உயிரைப் பாதாளத்துக்கு அழைத்துச் செல்பவனும் அவனே. வணிகர், வழிப்போக்கர், திருடர் என எல்லை கடக்கும் எல்லோருக்கும் அவனே துணை.

அவனுடைய சிலையும் எளிமையானது. சதுரமான கல்தூண், உச்சியில் தாடி வைத்த தலை, முன்புறம் ஆண்குறி. கை கால் கிடையாது. ஏதென்ஸை ஆண்ட பிசிஸ்ட்ரேடஸின் மகன் ஹிப்பார்க்கஸ், நகரத்துக்கும் கிராமங்களுக்கும் நடுவழியில் இத்தகைய தூண்களை நட்டு அறவுரைகளைப் பொறித்துவைத்தான்.

அக்காயாவில் இருந்த ஃபாரே நகரச் சந்தையில் இந்தத் தெய்வம் குறியும் சொன்னது. மாலையில் தூபமிட்டு, விளக்கேற்றி, பீடத்தில் காசு வைத்து, சிலையின் காதில் கேள்வியைச் சொல்ல வேண்டும். பிறகு காதைப் பொத்திக்கொண்டு சந்தையை விட்டு வெளியேற வேண்டும். கையை எடுத்ததும் காதில் விழும் முதல் பேச்சே தெய்வத்தின் பதில்.

கடல் கடந்து போருக்குப் புறப்படும் வேளையில் பயணத் தெய்வத்தின் முகம் சிதைந்தால், அதைவிடப் பெரிய அபசகுனம் ஏது? அதோடு, மக்களாட்சியைக் கவிழ்க்கச் சதி நடக்கிறது என்ற பீதியும் பரவியது. துப்புக் கொடுப்பவருக்குப் பரிசு அறிவித்தார்கள். நிலவொளியில் 300 பேரைக் கண்டதாக டயோக்ளைடீஸ் என்பவன் சாட்சி சொன்னான். அது பொய் என்று தெரிந்ததும் மரண தண்டனை பெற்றான். கைதானவர்களில் ஒருவரான அண்டோசிடீஸ் தன் உயிர் தப்பப் பலரைக் காட்டிக்கொடுத்தார்.

இதே விசாரணையில், எலூசிஸ் ஊரின் மறைச்சடங்குகளைக் கேலி செய்ததாகப் படைத்தலைவர் ஆல்சிபியாடீஸ் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள் என்றார் அவர். படை அவர் பக்கம் இருந்ததால் எதிரிகள் அதற்கு இணங்கவில்லை. போகவிட்டு, பாதியில் திரும்ப அழைத்தார்கள். அவரோ வழியில் தப்பி, பகை நாடான ஸ்பார்ட்டாவுடன் சேர்ந்து, ஏதென்ஸை வீழ்த்தும் உபாயங்களைச் சொல்லிக்கொடுத்தார்.

சிலைகளை உடைத்தது யார் என்று அப்போதும் பிறகும் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என எழுதிவைத்தார் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். சிதைந்த கல்லால் ஏதென்ஸுக்குச் சேதமில்லை. அந்த அச்சத்தை அரசியல் பகை தீர்க்கப் பயன்படுத்தியவர்களே சேதம் விளைவித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், சிசிலிக்குப் போன ஏதென்ஸ் படை முற்றாக அழிந்தது. பிடிபட்ட வீரர்கள் சிசிலியின் சிராக்யூஸ் நகரக் கல்குவாரிகளில் பட்ட பாடு அடுத்த வாரம்.

(தொடரும்)